குளிர்காலத்தில் உறங்கும் ஸ்கூட்டர்

இத்தாலி மொழியில் ‘வெஸ்பா’ என்றால் குளவி என்பது பொருள். குளிர் நாடுகளில் குளவிக் கூட்டங்கள் இலையுதிர்காலத்தின் முடிவில் அழிந்துபோக, கருவுற்ற இராணிக் குளவிகள் மட்டும் மரப்பொந்திலோ கூரையிடுக்கிலோ ஒடுங்கிக் குளிர்காலம் முழுவதையும் உறக்கத்திற் கழிக்கின்றன. உறங்கப் புகுமுன் அவை தம் உடலிற் கொழுப்பைச் சேமித்துக் கொள்கின்றன. அவ்வாறு ஆயத்தஞ் செய்துகொண்டவையே வசந்தத்தில் மீண்டும் சிறகை விரிக்கின்றன.

குளவியின் பெயரைத் தாங்கிய ஸ்கூட்டருக்கும் இஃது ஒருவாறு பொருந்தும். வட இத்தாலியின் துரின், மிலான் முதலிய நகரங்களிலும், ஜேர்மனியிலும், பிரித்தானியாவிலும் நவம்பர் பிறந்ததும் ஸ்கூட்டர்கள் பல வீதியினின்றும் மறைகின்றன. பனியில் வழுக்கும் வீதியில் இரு சிறு சில்லுகளை நம்பிச் செல்லுதல் ஆபத்து. பனியை உருக்குதற்காக வீதியிற் கொட்டப்படும் உப்போ இரும்பைத் தின்றுவிடும். ஆகவே வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் பலர் வீட்டினுள் நுழைந்து விடுகின்றனர். மார்ச் மாதத்தில் வெயில் முகங் காட்டியதும் துணியை நீக்கி உதைமிதியை உதைக்கின்றனர். வண்டியோ அசைவதாயில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு குறையுமின்றி ஓடிய வண்டி. அதன்பின் ஒரு முழத் தூரமேனும் ஓடாத வண்டி. அது கெட்டது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை, இயந்திரம் ஓடும்போது தேய்கின்றது, நிற்கும்போது கெடுகின்றது என்பதாகும். தேய்வைப் பற்றி எல்லாரும் அறிவர். நிற்பதனால் வரும் கேட்டைப் பற்றி அறிந்தோர் சிலரே. ஸ்கூட்டரைப் பொறுத்தவரையில் அக்கேடு பெரும்பாலும் அதன் எரிபொருள் செல்லும் வழியிலேயே தொடங்குகின்றது.

இவ்வூர்தியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. இரண்டாம் உலகப்போரிற் குண்டுவீச்சினாற் சிதைந்த பியாஜியோ தொழிற்சாலை இத்தாலியின் பொன்தெதேரா என்னும் ஊரில் இருந்தது. விமானங்கள் செய்துவந்த அந்நிறுவனம், போர் முடிந்தபின் எளிய மக்களுக்கேற்ற மலிவான ஊர்தியொன்றைச் செய்ய முனைந்தது. விமானப் பொறியியலாளரான கொராதினோ தஸ்கானியோ அதனை வகுத்தார். 1946 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆந் தேதி அதற்குரிய காப்புரிமை விண்ணப்பம் புளோரன்ஸ் நகரிற் பதியப்பெற்றது. அடுத்த ஆண்டில், மிலான் நகரின் லம்பிராத்தே பகுதியில் இன்னொசென்தி நிறுவனம் ‘லம்பிரெற்றா’வை வெளியிட்டது. இவ்விரு வண்டிகளும் பின்னர் இந்தியாவிலும் செய்யப்பட்டுக் கீழைத் தேயத்தவர்க்கும் பழக்கமாயின.

எளிமையே இவ்வண்டியின் சிறப்பு. ஆசனத்தின் கீழே பெற்றோல் தாங்கி இருக்கின்றது. பழைய வகை வண்டிகளில், தாங்கியின் அடியிலே ‘ரப்’ எனப்படும் அடைப்புப்பிடி ஒன்று உண்டு. மூடுதல், திறத்தல், சேமஇருப்பு என அதற்கு மூன்று நிலைகள். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாகப் பெற்றோல் தன் எடையினாலேயே கீழிறங்கி, ஒரு சிறு வடிகட்டியைக் கடந்து, காபரேற்றரை அடைகின்றது.

காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் அளவறிந்து கலக்கும் கருவி. எடைக் கணக்கிற் பார்த்தால் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காபரேற்றரின் அடியில் மிதவை அறை என்னும் சிறு கிண்ணம் உண்டு. அதிற் சில கரண்டியளவு பெற்றோலே நிற்கும். அது குறையுந்தோறும் மிதவை தாழ்ந்து வழியைத் திறக்கும். நிறைந்ததும் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். நீர்த்தாங்கியில் உள்ள மிதவைப் பந்தின் வேலையும் இதுவே. அக்கிண்ணத்திலிருந்து ‘ஜெற்’ எனப்படும் நுண்டுளைகள் வழியே பெற்றோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கின்றது. 1933 ஆம் ஆண்டிலிருந்து காபரேற்றர் செய்துவரும் டெல்லோர்த்தோ என்னும் இத்தாலிய நிறுவனத்தின் ஜெற்றுகளிற் பொறிக்கப்பட்ட இலக்கம், துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவிற் காட்டுவது. நூறு என்று பொறித்திருந்தால் துளை ஒரு மில்லிமீற்றர். மெல்லோட்டத்துக்குரிய ஜெற்றோ அதிற் பாதியளவே இருக்கக்கூடும். ஒரு தூசு போதும், அவ்வழியை அடைப்பதற்கு.

இனிப் பெற்றோலின் இயல்பைக் காண்போர் ஓர் உண்மையை உணர்வர். பெற்றோல் ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகளும் எளிதில் ஆவியாகாத கனமான பகுதிகளும் சேர்ந்த கலவை அது. குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை முதன்முதல் உயிர்ப்பிப்பவை அவ்விலேசான பகுதிகளே.

இவ்வுண்மையை இலங்கையின் வடபகுதி மக்கள் அநுபவத்திற் கற்றவர்கள். 1990 ஆம் ஆண்டை அடுத்த போர்க்காலத்திற் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயை மாத்திரம் ஊற்றினால் குளிர்ந்த இயந்திரம் இயங்காது. மருந்துப் புட்டிபோன்ற சிறு குப்பியிற் பொன்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளை முதலிற் கொடுத்து, இயந்திரத்தை இயக்கிச் சூடாக்கிய பின்னரே மண்ணெண்ணெயை விட்டனர். அச்சில துளிகளுக்குள் அடங்கியிருந்ததே அந்த இலேசான பகுதியின் ஆற்றல்.

மாதக்கணக்காக நிற்கும் ஸ்கூட்டரிலே முதலில் தப்பிப்போவதும் அந்தப் பகுதிதான். மிதவை அறை காற்றோட்டத்துக்கு வழிவிட்டிருப்பதால் அதிலுள்ள பெற்றோல் மெல்ல மெல்ல ஆவியாகிவிடுகின்றது. எஞ்சி நிற்பது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாக மாறுகின்றது. புதிதாய் இருந்தபோது மூக்கைத் துளைக்கும் மணமும் தெளிந்த நிறமும் கொண்ட பெற்றோல், பழையதானபின் வார்னிஷ் போன்ற புளித்த நாற்றமும் மஞ்சட் பழுப்பு நிறமும் அடைகின்றது. அப்பிசின் ஜெற்றின் துளையிற் படிந்து காய்ந்துவிடும். பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடும் ஈரடிப்பு இயந்திரங்களில், ஆவியாகாது தங்கிய எண்ணெயும் அப்பிசினோடு சேர்ந்து வழியை இன்னும் இறுக்கமாக அடைக்கும்.

நீரும் ஒரு பகையே. அரைவாசி வெறுமையான இரும்புத் தாங்கியிற் பகலின் வெம்மையும் இரவின் குளிரும் மாறி மாறிப் படும்போது ஈரக்காற்று உட்புகுகின்றது. அதிலுள்ள ஈரம் சுவரிலே துளிகளாய்ப் படிகின்றது. நீர் பெற்றோலினுங் கனமானது. ஆதலின் அது அடியிலே தங்கி, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. இற்றை நாளில் எதனோல் என்னும் மதுசாரம் பெற்றோலிற் கலக்கப்படுவதால் இத்தொல்லை மிகுந்துள்ளது. பிரித்தானியாவில் 2021 ஆம் ஆண்டு செப்டெம்பரிலிருந்து நூற்றுக்குப் பத்து வீதம்வரை எதனோல் கலந்த பெற்றோலே பொதுவகையாக விற்கப்படுகின்றது. பழைய ஊர்திகள் சிலவற்றுக்கும், 50 கனசென்ரிமீற்றர் அளவுக்கு உட்பட்ட சிறு வண்டிகள் சிலவற்றுக்கும் அது பொருந்தாதிருக்கலாம் என அந்நாட்டு அரசே எச்சரித்துள்ளது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு கடந்தால், அதுவும் நீரும் பெற்றோலினின்று பிரிந்து அடியிலே தனிப்படையாக நிற்கும். குளிர் மிகுந்தால் இப்பிரிவு இன்னும் எளிதில் நிகழும். காபரேற்றரின் உலோகத்தில் வெண்ணிறப் பூஞ்சணம்போற் படிந்திருக்கும் அரிப்பும், பழைய இரப்பர்க் குழாய்களில் தோன்றும் வெடிப்பும் பெரும்பாலும் இவற்றின் விளைவே.

வண்டி இயங்க மறுப்பதோடு தொல்லை முடிந்துவிட்டால் நன்று. ஆனால் அரைகுறையாய் அடைபட்ட வண்டி சிலவேளை இயங்கிவிடுகின்றது. ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. பெற்றோலோடு முன்கூட்டியே எண்ணெய் கலந்து ஓட்டப்படும் ஈரடிப்பு இயந்திரத்துக்கு உராய்வைத் தணிக்கும் எண்ணெய் வேறு வழியாக வருவதில்லை, பெற்றோலுடனேயே வருகின்றது. ஜெற் பாதி அடைபட்டால் பெற்றோலும் குறையும், எண்ணெயுங் குறையும், வெப்பமோ கூடும். நெடுஞ்சாலையில் விரைவாகச் செல்லும்போது பிஸ்ரன் வெப்பத்தால் விரிந்து உருளைக்குள் இறுகிவிட்டால், பின் சில்லு அக்கணமே சுழலாது நின்றுவிடும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். பழைய ஸ்கூட்டர்களை நெடுங்காலம் ஓட்டிப் பழகியவர்கள் இடக்கையின் விரல்களைக் கிளச்சுப் பிடியின்மேல் எப்போதும் வைத்திருப்பது இதனாலேயே. இயந்திரம் இறுகும் குறியைக் கண்டதும் கிளச்சை அழுத்திச் சில்லை விடுவிப்பதற்கு அவர்கள் ஆயத்தமாய் இருக்கின்றனர். ஒரு மில்லிமீற்றர்த் துளையிலே படிந்த பிசின், ஒருவரின் உயிரோடு விளையாடவல்லது.

ஆகவே எரிபொருள் வழியைப் பேணுதல் ஆண்டு முழுவதற்கும் உரிய கடமை. ஈரடிப்பு வண்டிக்குப் பெற்றோலும் எண்ணெயும் தயாரிப்பாளர் கூறிய அளவிலேயே கலக்கப்படல் வேண்டும். நூற்றுக்கு இரண்டு வீதம் என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். ஐந்து லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். கண்மதிப்பாய் ஊற்றுவது தவறு. வடிகட்டியை உரிய காலத்திற் கழற்றித் துப்புரவு செய்தல் அல்லது மாற்றுதல் வேண்டும். இரப்பர்க் குழாயை விரலால் மடித்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தாலும், மரம்போல் விறைத்திருந்தாலும் அதனை மாற்றிவிடுதல் வேண்டும். அடைபட்ட ஜெற்றை ஊசியாலோ கம்பியாலோ குத்துவோர் பலர். மெல்லிய பித்தளையாலான அத்துளை கம்பி பட்டால் அகன்றுவிடும். பின்னர் அதன் அளவு அளவாயிராது. கழுவும் திரவத்தில் ஊறவைத்து, அழுத்திய காற்றைச் செலுத்தித் துப்புரவு செய்வதே முறை.

குளிர்கால உறக்கத்துக்கு வண்டியை ஆயத்தஞ் செய்தல் அரைநாட் பொழுதுக்குள் முடியக்கூடிய வேலை. பழைய பெற்றோலை அப்படியே விட்டு நிறுத்துதல் கூடாது. புதிய பெற்றோலைத் தாங்கியிற் பெரும்பாலும் நிறைய ஊற்றி, எரிபொருள் கெடாது காக்கும் மருந்தைப் புட்டியிற் குறித்த அளவிற் சேர்த்தல் வேண்டும். தாங்கி நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கு அங்கே இடமில்லை. அம்மருந்து புதிய பெற்றோலைக் காக்குமேயன்றிக் கெட்டுப்போன பெற்றோலைத் திருத்தமாட்டாது. பின்னர் வெளியிடத்தில் வைத்து ஐந்து பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டால் மருந்து கலந்த பெற்றோல் காபரேற்றர்வரை சென்று சேரும். பூட்டிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடுதல் ஒருபோதும் ஆகாது. புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

அதன்பின் பெற்றோல் அடைப்புப்பிடியை மூடி, இயந்திரம் மெல்லோட்டத்தில் ஓடித் தானே நிற்கும்வரை விடுதல் வேண்டும். மிதவை அறை இவ்வாறு வெறுமையானாற் பிசின் படிய அங்கே பொருளில்லை. அடியில் வடிக்கும் திருகாணி உள்ள காபரேற்றராயின் எஞ்சியதையும் வடித்துவிடலாம். சிலர் தாங்கியையும் முற்றாக வெறுமையாக்குவர். பிளாஸ்ரிக் தாங்கிக்கு அது தீதன்று. உட்புறம் பூச்சில்லாத இரும்புத் தாங்கியோ வெறுமையாயின் துருப்பிடிக்கும்.

புதிய வகை ஸ்கூட்டர்களில் காபரேற்றர் இல்லை. மின்பம்பு ஒன்று பெற்றோலை அழுத்தத்தோடு பீய்ச்சுகின்றது. அப்பம்பைக் குளிர்விப்பது அதனூடே செல்லும் பெற்றோலேயாகும். ஆதலின் இவ்வகை வண்டியைப் பெற்றோல் தீருமட்டும் ஓடவிடுதல் கேடு. தாங்கியை நிறைத்து, மருந்து சேர்த்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துதலே போதும். பழையதற்கு உகந்த முறை புதியதற்கு உகந்ததன்று என்பதை உரிமையாளர் மறத்தலாகாது.

இவற்றோடு, பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெயை உருளைக்குள் விட்டு, இயந்திரத்தைக் கையாற் சில முறை சுழற்றி, பிளக்கை மீண்டும் பூட்டினால் உட்சுவரிலே துரு ஏறாது. பற்றரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை மின்னேற்றுதல், வீதி உப்புப் போக வண்டியைக் கழுவி உலர்த்துதல், ரயருக்குக் காற்று நிறைத்தல், புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்தல், காற்றோட்டமுள்ள துணியாற் போர்த்துதல் ஆகியனவும் நன்று. துணி அடைத்ததைச் சிறு தாளில் எழுதிப் பிடியிலே கட்டிவிட்டால், வசந்தத்தில் மறதியால் வரும் தொல்லையும் இல்லை.

வண்டியை எங்கே வைப்பது என்பது மிகக் கவனிக்கத்தக்கது. குளிர் நாட்டு வீடுகளிலே நிலவறையில் வெப்பமூட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதுண்டு. பெற்றோலின் ஆவி காற்றினுங் கனமானது. அது நிலத்தோடு தவழ்ந்து நெடுந்தூரம் செல்லும். உறைபனிக் குளிரிலும் அது தீப்பற்றவல்லது. கசியும் குழாயுடன் ஒரு ஸ்கூட்டரை அத்தகைய அறையில் நிறுத்துதல், தூங்கும் குடும்பத்தின் அருகே கொள்ளியை வைப்பதற்கு ஒப்பாகும். வடித்தெடுத்த பழைய பெற்றோலை வடிகாலில் ஊற்றுதலும் பெருங்குற்றம். அதற்குரிய கழிவுச் சேகரிப்பு நிலையங்களில் அதனை ஒப்படைத்தல் வேண்டும்.

குளிர் நாட்டுச் சட்டங்களும் இவ்வுறக்கத்தை அறிந்துள்ளன. ஜேர்மனியில் 1997 ஆம் ஆண்டிலிருந்து பருவகாலத் தகடு என ஒன்று வழங்கப்படுகின்றது. மார்ச் முதல் ஒக்டோபர் வரை என மாதங்கள் பொறித்த அத்தகட்டையுடைய வண்டி ஏனைய மாதங்களிற் பொதுவீதியில் நிற்றலும் ஆகாது. பிரித்தானியாவிலும் 1998 ஆம் ஆண்டிலிருந்து, வரி செலுத்தாது ஒதுக்கி வைக்கும் வண்டியைப் பற்றி அரசுக்கு அறிவிக்கும் முறை உண்டு. சட்டத்திற்கு அறிவிப்பவர், தம் வண்டியின் காபரேற்றருக்கும் அறிவித்துவிட்டால் நன்று.

வசந்தம் வந்ததும் அவசரப்படாது, புகைக்குழாய்த் துணியை நீக்கி, குழாய்களிற் கசிவு உண்டா எனப் பார்த்து, பெற்றோலை முகர்ந்து அறிதல் வேண்டும். புளித்த நாற்றம் வீசினால் அதனை வடித்துப் புதியது விடுதலே மலிவு. முதல் நாளில் நெடும்பயணம் போகாது, மெல்ல ஓட்டி இயந்திரத்தின் ஒலியைக் கேட்டறிதல் அறிவுடைமை.

இவையெல்லாம் பனி பெய்யும் தேயத்துக்கே உரியன என்று இலங்கை நேயர்கள் கருதலாம். பனியில்லாத நாட்டிலும் வண்டிகள் நின்றதுண்டு. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருட் பஞ்சம் வந்தபோது, எத்தனையோ ஸ்கூட்டர்கள் வாரக்கணக்கில் முற்றங்களில் நின்றன. ஆசிரியர்களும் தாதியரும் அலுவலகம் செல்வோரும் சைக்கிளைத் தேடினர். பெற்றோல் மீண்டும் கிடைத்தபின், நெடுங்காலம் நின்ற வண்டியை இயக்க முயன்றோர்க்கு இப்பாடம் புதிதன்று. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் வீட்டில் நிற்கும் வண்டியும், மாரிமழையில் மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்த வண்டியும் அவ்வாறே. இங்கே குளிரின் வேலையை வெப்பமும் ஈரமும் செய்கின்றன. வெப்பத்திற் பெற்றோல் விரைவாகவே ஆவியாகும்.

ஒரு குடும்பத்தின் உழைப்பையும், பிள்ளையின் பள்ளிப் பயணத்தையும், நோயாளியின் மருந்தையும் சுமப்பது அச்சிறு வண்டி. அதனை ஓட்டத் தெரிந்தவர்கள் பலர். நிறுத்தத் தெரிந்தவர்களே அதனை நெடுங்காலம் ஓட்டுகின்றனர்.